பச்சையாகவே இருந்த புதன்கிழமை

தச்சநல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, சின்னச் சின்ன வியாபாரங்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் செய்து கொடுத்திருந்தேன். அந்தத் தளத்தில் ஆட்கள் தேடி வந்து பார்த்தது ஒரே ஒரு பக்கத்தைத்தான்: முகூர்த்த நாட்களின் பட்டியல். மண்டபம் காலியாக இருந்தால் பச்சை, பேசி முடித்த நாள் என்றால் சிவப்பு.

ஒருநாள் மண்டபத்து அண்ணாச்சி போன் செய்தார்.

"எம்மா, பக்கம் தொறக்கதுக்குள்ள ஒரு காப்பி குடிச்சு முடிச்சிரலாம் போல. ஆளுக பாதியிலயே மூடிட்டுப் போயிருதாவ."

குறை நியாயமானதுதான். மண்டபத்தின் படங்கள் ஒவ்வொன்றும் அவ்வளவு பெரிது. சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்து ஒரு வரி எழுதினேன். 'இங்கிருந்து எது வந்தாலும் ஒரு மாதம் உன்னிடமே வைத்துக்கொள், மறுபடி என்னிடம் கேட்காதே' என்று பார்ப்பவரின் போனுக்குச் சொல்லும் வரி. அதன் பிறகு, இரண்டாவது முறை திறப்பவருக்குப் போன் தன்னிடம் இருப்பதையே எடுத்துக் காட்டிவிடும். "பறக்குதும்மா!" என்றார் அண்ணாச்சி. எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

'எது வந்தாலும்' என்று எழுதியதுதான் தப்பு. படங்கள் மாறாது, ஆனால் நாள் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். அது என் மண்டையில் ஏறவே இல்லை.

மூன்று வாரம் போயிருக்கும். காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சியின் போன். பின்னால் யாரோ சத்தம் போடுவது கேட்டது. "நீ உடனே பொறப்பட்டு வாம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மாவை அப்படியே வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மண்டபத்து அலுவலக அறையில் ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புப் பழமும் இருந்தன. மகளைக் கல்லிடைக்குறிச்சியில் கொடுக்கிறார்கள். ஆவணியில் ஒரு புதன்கிழமை பச்சையாக இருந்ததைப் பார்த்து, அந்த நாளையே மாப்பிள்ளை வீட்டில் பேசி முடித்துவிட்டு, மண்டபத்தை உறுதி செய்ய வந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் புதனை வேறொருவர் ஒரு வாரத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்.

"தெனமும் காலையில எந்திரிச்சதும் இதைத்தான பாக்குதேன்? இன்னைக்குப் பஸ்ஸுல வரும்போதும் பாத்தேம்லா!" என்று ஏரல்காரர் போனை நீட்டினார். பச்சை.

"என்னவே சொல்லுதீரு? இங்கன பாரும்" என்று அண்ணாச்சி தான் நாட்களைப் பதிகிற கம்ப்யூட்டரைத் திருப்பினார். சிவப்பு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பொய்யராக நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"அண்ணாச்சி, இது கேஷ் பிரச்சினை" என்றேன்.

"கேஷா? அவரு இன்னும் முன்பணமே குடுக்கலியேம்மா!"

அந்தக் கேஷ் இல்லை, போன் பழைய பக்கத்தைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்கிறது, அப்படிச் சொல்லி வைத்தது நான்தான் என்று உடைத்துச் சொன்னேன். ஏரல்காரரின் போனை வாங்கி, பக்கத்தை விரலால் கீழே இழுத்துவிட்டேன். பக்கம் ஒரு சுற்றுச் சுற்றியது. பச்சை சிவப்பானது. அவர் கோபம் அப்படியே அடங்கிப் போயிற்று. அவர் மனைவி பழத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்ப்பதற்கு, அவர்கள் என்னைத் திட்டியிருந்தாலே தேவலை.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து வரியைத் திருத்தினேன். படங்களுக்கு மட்டும் ஒரு மாதம். நாள் பட்டியலுக்கு, 'வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் காட்டும் முன்பு என்னிடம் கேள்.' ஐந்து நிமிட வேலை. ஆனால் ஏற்கெனவே பழைய உத்தரவை வாங்கிக்கொண்டு போன போன்கள் அந்த மாதம் முடியும்வரை சர்வர் பக்கமே திரும்பாது. இங்கிருந்து கூப்பிட்டுச் சொல்ல வழியே கிடையாது.

"அப்ப மனுசங்களைக் கூப்பிட்டுச் சொல்லு" என்று அண்ணாச்சி தன் நோட்டை எடுத்துப் போட்டார். மண்டபம் விசாரித்தவர்களின் நம்பர்கள் அதில் இருந்தன.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பக்கத்தைத் திறந்து கீழே இழுங்கள் என்றேன். ஒருவர், "இழுத்துட்டேன், டார்ச்சு எரியுதும்மா" என்றார். பக்கத்துக்குப் பதிலாகப் போனின் மேல்திரையை இழுத்திருக்கிறார். ஏரல்காரரின் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நோட்டில் அந்தப் புதனை எடுத்த வீரவநல்லூர் கணக்கு வாத்தியாரின் நம்பரும் இருந்தது. அவருக்கும் அதையே சொன்னேன். இழுத்தார்.

"எம்மா, அந்தப் புதனுக்கு அடுத்த வாரத்து வியாழக்கெழமை செவப்பால்லா இருந்துச்சு? இப்பம் பச்சையா இருக்கே?"

போனை ஒலிபெருக்கியில் போட்டேன். அண்ணாச்சி, "அந்த வீட்டுக்காரங்க நாளைத் தள்ளிட்டாங்க சார். நீங்க வர்றதுக்கு முந்தியே காலியாயிட்டே!" என்றார்.

"அடடா! எனக்கு அந்த வியாழன்தான வேணும்? என் மவன் கப்பல்ல வேலை பாக்குதான். அந்த வாரந்தான் வந்து எறங்குதான். நாள் இல்லையேன்னு அவன் இல்லாமலே தங்கச்சி கல்யாணத்தை வச்சோம். வீட்டுல அவ அம்மை அழுதுக்கிட்டே இருக்கா."

"நேர்ல வந்தப்போ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?"

"போன்லதான் தெளிவா செவப்பா இருந்துச்சே, வே!"

பத்திரிகை அடித்துவிட்டாரா என்று கேட்டேன். இன்னும் அடிக்கவில்லை. அரை மணி நேரத்தில் மாப்பிள்ளை வீட்டில் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். வியாழனுக்கு மாற்றிக்கொண்டார். புதன் ஏரல்காரருக்கு.

ஏரல்காரர் எழுந்து வெற்றிலைத் தட்டை அண்ணாச்சியிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒம் மேல கோவமாத்தான் இருந்தேன், தாயி. இப்பம் கோவப்படவா வேண்டாமான்னு தெரியலை" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. என் தப்பால் குழம்பிய இரண்டு கல்யாணம், அந்தத் தப்பைத் திருத்தப் போன இடத்தில் நேரானது. அதற்காக யாராவது என்னைப் பாராட்டினால் வாங்கிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கும். நல்லவேளை, யாரும் பாராட்டவில்லை. அண்ணாச்சி மட்டும், "இனிமே எதுவும் எழுதுறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேளு" என்றார்.

இரண்டு கல்யாணத்துக்கும் பத்திரிகை வந்தது. ஏரல்காரரின் மனைவி போனில் கூப்பிட்டு, மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கும் இருந்துதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். நானும் வீட்டுக்காரரும் இருந்து, தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் சாப்பிட்டோம். நான் மூன்று தடவை சொதி வாங்கினேன்.