கழுத்துப்பட்டியில் கஸ்தூரி

தெருமுனை இஸ்திரிக் கடைக்காரியை நாங்கள் மூக்குக்காரி என்போம். நாலு வீடு தள்ளிப் பால் பொங்குவதற்கு முன்பே இங்கிருந்து, "அடுப்பை அணைடி!" என்று கத்துவாள். பக்கத்து ஊரில் மழை தொடங்கியதை மோந்தே கொடித் துணியை உருவியவள். நம்பாதவர்கள் நனைந்தார்கள்.

அந்த மூக்குதான் வம்பை விலைக்கு வாங்கியது.

அவள் மகளைக் கட்டியவர் பேருந்து ஓட்டுநர், அதிகம் பேசாத பிள்ளை. வேலை மாற்றலாகி மாமியார் வீட்டுக்கே குடிவந்தார். முதல் நாள் சாப்பிட உட்கார்ந்ததும் மூக்குக்காரி முகம் சுளித்தாள்.

"என்னடி இது, ஆட்டுக் கொட்டகையைத் தொறந்துவிட்ட மாதிரி?"

"அம்மா! அவரு போடற அத்தர். அகில் எண்ணெய்ல கஸ்தூரி கலந்தது."

"இந்த நாத்தத்தைக் காசு குடுத்தா வாங்குவாங்க? ஆடே சிரிக்கும்!"

மூக்குக்காரியின் புருஷன் வேறு, ஆடு மாதிரி "மே!" என்றார்.

மாப்பிள்ளையும் சிரித்துவைத்தார். மறுநாளிலிருந்து அத்தர் இல்லை. தட்டோடு பின்வாசல் படிக்குப் போய்விட்டார். "இங்க காத்தாட இருக்கு அத்தை." மகளும் அவர் பின்னால் போனாள். மேசையில் இரண்டு நாற்காலி காலி.

ஒரு நாள் அவருடைய பழைய சட்டை ஒன்று, துவைத்து, இஸ்திரிக்கு வந்தது. தண்ணீர் தெளித்துக் கழுத்துப்பட்டியில் பெட்டியை வைத்தாள். ஆவியோடு வாசனை எழுந்தது. ஆடுதான், சந்தேகமில்லை. ஆனால் அதன் பின்னாலேயே ஈர மரம், தேன், தூங்கி எழுந்த குழந்தையின் உச்சந்தலை. மறுபடி தேய்த்தாள். மறுபடியும்.

துணி வாங்க வந்த தையல்காரி கேட்டாள்: "அந்தக் காலரு என்னக்கா பாவம் பண்ணுச்சு?"

"அது பண்ணலடி. நான்தான் பண்ணேன்."

அன்று இரண்டு சட்டை தீய்ந்தது. மூக்குக்காரிக்குத் தீய்ந்த வாடைகூடத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வந்ததும் கேட்டாள்: "அந்தச் சீசா இருக்கா மாப்பிள்ளை?"

"பெட்டிக்குள்ள பூட்டிட்டேன் அத்தை. இனிமே வாடை வராது."

சுருக்கென்றது. "வரணும்னுதான் கேக்கறேன்" என்று மணிக்கட்டை நீட்டினாள்.

தயங்கித் தயங்கி ஒரு துளி தொட்டுவைத்தார். "உடனே மோந்து பாக்காதீங்க. முதல்ல முரண்டு பண்ணும், அப்புறம் அடங்கும்."

சாப்பாட்டு வேளைக்குத் தன் தட்டோடு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். "அன்னிக்கு நான் உங்கள ஒண்ணும் சொல்லல..." என்று ஆரம்பித்தாள். பொய் அவள் மூக்குக்கே நாறியது. "சொன்னேன். தப்பு."

மாப்பிள்ளை ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினார். பிறகு மெதுவாக, "மே" என்றார்.

மகள் வெடித்துச் சிரித்தாள். அவர் எழுந்து, அத்தையின் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே மேசைக்கு நடந்தார். பின்னால் போன மூக்குக்காரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வாசனைக்காக அல்ல.