இரண்டு விரல் துணி

அடுப்பை அணைத்ததும் பக்கத்து வீட்டு அக்கா லைட்டரைச் சுவர் ஆணியில் மாட்டுவதில்லை. தன் கழுத்தில் மாட்டிக்கொள்வார். அதற்கென்று ஒரு நாடா கோத்து வைத்திருக்கிறார். அதே நாடாவில் வீட்டுச் சாவி. அதன் மேலே அளவு டேப். தையல் மிஷினில் உட்கார்ந்ததும் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். லைட்டர் தட்டுப்பட்டால்தான் பெடலில் கால் வைப்பார்.

"சமைக்கறவளா தைக்கறவளான்னு வர்றவங்க குழம்பிக்கட்டும். எனக்குக் குழப்பமில்ல."

தெருவில் எல்லோருக்கும் அவர் தையலக்கா. வயது எழுபத்து மூன்று. கணவர் போய்ப் பதினோரு வருடம். ஓர் அறை, ஒரு சமையலறை, ஜன்னலோரம் மிஷின். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். காலையில் கடவுளை நினைத்து நான் கண்மூடி இருக்கும்போதே அந்தப் பக்கம் மிஷின் ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கும் ஒரு தெம்பு.

மற்ற தையல்காரர்கள் போல அளவு ரவிக்கை கேட்கமாட்டார். ஒரு தடவை டேப் பிடித்தால் தலையில் ஏறிவிடும். மறப்பதெல்லாம் வேறு. டீ போட்டு ஜன்னலில் வைத்துவிட்டு, "ஒரு வாய் டீ குடுக்க ஆளில்ல பாரு" என்று பெருமூச்சு விடுவார். ஆறிய டம்ளர் பிறகு கண்ணில் பட்டால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

போன மழைக்காலத்தில் அடுப்பில் வெந்நீர் வைத்ததை மறந்து தைக்க உட்கார்ந்துவிட்டார். நீர் வற்றிப் பாத்திரம் கருகிப் புகை தெருவரை வந்தது. லைட்டர் கழுத்துக்கு ஏறியது அதற்குப் பிறகுதான்.

அன்றே மகள் வந்தாள். நான்காவது மாடியில் அவள் வீடு.

"எங்கூட வந்துடும்மா."

"மிஷின?"

"அங்க மிஷின் வைக்க இடமில்லம்மா."

"அப்ப எனக்கு மட்டும் எங்கடி இடம்?"

மகள் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, "எல்லாத்தையும் எழுதி வைம்மா" என்றாள். அக்கா அதை மடித்து மிஷினின் ஆடுகிற காலுக்கடியில் செருகினார். "நல்ல நோட்டுடி. இப்ப ஆடவே இல்ல."

கிளம்பும்போது வாசலில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவை ஏதாவது மறந்தா மறைக்காம சொல்லுங்க சித்தி. அதுக்கப்புறம் தனியா விடமாட்டேன்." சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

போன வாரம் எனக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்த்தேன். கையை இழுத்து இழுத்துத்தான் ஏற்ற முடிந்தது. கொக்கிகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி. பெட்டியில் போட்டு மூடிவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். மனது ஒப்பவில்லை. எடுத்துக்கொண்டு போனேன்.

"கொஞ்சம் பிடிக்குதுக்கா."

வாங்கி மடியில் விரித்து, டேப் வைத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"இது நீ கல்யாணம் கட்டி வந்தப்ப எடுத்த அளவுல்ல?"

நான் தலையாட்டினேன். அதற்கப்புறம் எனக்கு எத்தனையோ ரவிக்கைகள் தைத்துத் தந்திருக்கிறார், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி. அந்த அளவுகள் ஒன்றும் அவருக்கு நினைவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அவகிட்ட சொல்லுவியா?"

"வாக்குக் குடுத்துட்டேனேக்கா."

"குடுத்தா சொல்லத்தான் வேணும்."

டேப்பை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ரவிக்கையை உட்புறம் திருப்பினார். பக்கத் தையலுக்கு உள்ளே, இரண்டு புறமும் கையிலும், இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது. எப்போதும் போல விட்டிருக்கிறார்.

"பிரிச்சு விட்டா போதும். உனக்குச் சரியா வந்துடும்."

பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். குனிந்து, மிஷின் காலைத் தூக்கிப் பிடித்து, அடியிலிருந்த நோட்டை இழுத்தார். அட்டையில் கால் பதிந்த பள்ளம். புடவையில் துடைத்து, முதல் பக்கத்தைப் பிரித்து, பென்சிலோடு என் கையில் வைத்தார்.

"இதையும் சேத்து அவகிட்ட சொல்லு."

கழுத்திலிருந்து டேப்பை உருவி, என் மார்பைச் சுற்றிப் பிடித்து, அளவைச் சத்தமாக வாசித்தார். நான் எழுதி முடிக்கும்வரை டேப்பை விடாமல் நின்றார்.