காலி என்று ஒட்டிய ஃபிலிம்

திருச்சானூரில் ஷேர் ஆட்டோக்கள் திரும்பும் இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே நாங்கள் நான்கு பேர் கூடுவோம். ஃபிலிம் கேமராவில் எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்து வந்து, மேசையைத் துடைத்துவிட்டுப் பரப்பிப் பார்ப்போம். ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொருவரும் ஒரு குறையாவது சொல்ல வேண்டும் என்பது விதி. குறை எதுவும் தோன்றாவிட்டால், "கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு" என்று சொல்லிவிடலாம். ஒரு வட்டத் தட்டை நேர் மேலிருந்து எடுத்த படத்துக்கும் அப்படிச் சொல்லியிருக்கிறோம். எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

நான்கு பேரில் ஒரே பெண், சித்தூரில் கெமிஸ்ட்ரி டீச்சர். எங்கள் ஃபிலிமையெல்லாம் அவர்தான் கழுவித் தருவார். இன்னொருவர் நகரிப் பக்கத்து விவசாயி, மாந்தோப்பு வைத்திருக்கிறார். மூன்றாமவர் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். பூர்வீகம் திருவள்ளூர், பெண் எடுத்தது புத்தூர். ஒரு படம் எடுப்பதற்குள் வெளிச்சம் அளந்து, தூரம் அளந்து, மறுபடி வெளிச்சம் அளப்பார். அதற்குள் எதிரே நிற்கிறவர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். நான்காவது நான். பத்திரிகையில் பிழை திருத்தும் வேலையில் இருந்தவன். ஃபிலிம் டப்பிகள் என் வீட்டு ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

கடை ஃபிலிம் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நூறடிச் சுருள் ஒன்று வாங்கி, பழைய டப்பிகளில் நாங்களே வெட்டிச் சுற்றிக்கொள்வோம். அதனால் எல்லா டப்பியும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது எடுத்ததா, எடுக்காததா என்று மேலே ஒட்டிய பிளாஸ்திரியில் எழுதியிருப்பதை வைத்துத்தான் தெரியும். இன்னொன்று, எடுத்து முடித்த ஃபிலிமையும் முழுக்க உள்ளே சுற்றிவிடாமல் நுனியை வெளியே விடச் சொல்லியிருந்தார் டீச்சர். டப்பியை உடைக்காமல் வெளியே எடுக்க அவருக்கு அது வசதி. ஆக, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஸ்ரீசிட்டிக்காரரின் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மாமனார் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஸ்டுடியோ ஆளுக்குச் சொல்லிவிடட்டுமா என்று அவர் கேட்டபோது, மருமகன் வேண்டாம் என்றார். ஃபிலிமில் தானே எடுப்பதாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மண்டபத்து வாசலில் ஓர் அன்னக்கூடையை வைத்து, வந்தவர்களின் செல்போன்களையெல்லாம் வாங்கி அதில் போட்டார். "எல்லாரும் கண்ணால பாருங்க. படம் நான் தரேன்" என்றார். அன்று அங்கே இருந்த ஒரே கேமரா அவருடையது. முப்பத்தாறு படங்கள். மாமனார் மெச்சுகிற மாதிரி ஒரு காரியம் செய்ய அவருக்கு ஏழு வருடத்தில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது என்று எங்களிடம் சொல்லியிருந்தார்.

பத்து நாள் கழித்து டீச்சர் நெகட்டிவைக் கொண்டுவந்தார். வழக்கமாக உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பிக்கிறவர் அன்று முதலில் இரண்டு டீ குடித்தார். பிறகு கவரை என் பக்கமாகத் தள்ளினார்.

"சார், நீங்களே பாருங்க. நான் ஸ்கூல்ல மூணு தபா பார்த்துட்டேன்."

வெயிலில் தூக்கிப் பார்த்தேன். மேடை, மாலை, ஐயர், எல்லாம் இருந்தன. எல்லாவற்றின் மேலும் இன்னொன்று இருந்தது. பிதுங்கிய கண், முறுக்கிய மீசை, வெளியே தொங்கும் நாக்கு. புதிதாகக் கட்டும் வீடுகளில் கட்டி வைக்கும் திருஷ்டி பொம்மை. ஒரு படத்தில் ஒன்று வீதம், முப்பத்தாறு பொம்மைகள். பல படங்களில் பொம்மை குறுக்கே படுத்திருந்தது. தாலி கட்டும் படத்தில் மட்டும் நேராக, மாமனாரின் முகத்தின் மேலேயே, அளந்து வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

விவசாயி எட்டிப் பார்த்தார். "அட, இது நம்ம பொம்மைங்களாச்சே. நகரி ரோட்ல எட்த்தது. நானும் தேடிக்கினே இருந்தேன்."

விவரம் இவ்வளவுதான். அவர் எடுத்து முடித்த சுருளை நான் இல்லாதபோது என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் மனைவி அதை மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஸ்ரீசிட்டிக்காரர் கல்யாணத்துக்கு ஃபிலிம் கேட்டு வந்தபோது நான் அதை எடுத்துக் கொடுத்தேன். பிளாஸ்திரியில் "காலி" என்று எழுதியிருந்தது. நான் படித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். ஒரே ஃபிலிமில் இரண்டு தடவை படம் விழுந்துவிட்டது.

"காலின்னு எழுதினது யாரு?" என்றார் ஸ்ரீசிட்டிக்காரர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. டீ டம்ளரை மட்டும் நெகட்டிவ் கவர் மேலேயே வைத்தார்.

"நான்தான்" என்றார் விவசாயி. "காஸ் காலின்னா இன்னா, தீந்துபோச்சுன்னுதானே? டீசல் காலி, தண்ணி காலி, ரோலு காலி. இதுல இன்னா தப்பு?"

"எங்க கம்பெனில காலிப் பெட்டின்னா உள்ள ஒண்ணும் இல்ல, நிரப்புன்னு அர்த்தம்ணா."

"அப்போ நீ நிரப்பிட்டே. யாரு வேணான்னது?"

"ஆகண்டி, ஆகண்டி" என்று டீச்சர் தெலுங்கில் இருவரையும் பொறுக்கச் சொல்லிக் கையமர்த்தினார். "எங்க ஸ்கூல்ல காலின்னா போஸ்டுக்கு ஆளே போடலைன்னு அர்த்தம்." அது யாருக்கும் உதவவில்லை.

என்னைப் பார்த்தார்கள். பெயருக்கு முன்னால் வந்தால் வெறுமை, பின்னால் வந்தால் தீர்ந்தது என்றேன். காலி ரோல், ரோல் காலி. "இங்க முன்னாலயும் ஒண்ணுமில்ல, பின்னாலயும் ஒண்ணுமில்லையே சார்" என்றார் விவசாயி. அதுவும் சரிதான்.

மாமனாரிடம் தனியாகப் போக ஸ்ரீசிட்டிக்காரருக்குத் தைரியம் வரவில்லை. மறு ஞாயிறு நான்கு பேரும் புத்தூருக்குப் பஸ் ஏறினோம். முப்பத்தாறையும் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டோம். வழியில் விவசாயி, "தாலி படத்த மட்டும் அடியில வச்சிக்கோ" என்று யோசனை சொன்னார். கடைசியில் பார்ப்பதுதான் மனசில் நிற்கும் என்றார் டீச்சர். நடுவில் வைத்தோம்.

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டிக்கெட் கட்டைப் புரட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். மாமியார் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது படத்தில் மாமனார் நிறுத்தினார்.

"மாப்ள, இன்னா இது?"

மருமகன் சொல்ல ஆரம்பித்தார். நூறடிச் சுருள், பிளாஸ்திரி, ஃப்ரிட்ஜ், இட்லி மாவு. மாவு வந்ததும் மாமியார் குறுக்கிட்டு எந்த மாவு என்று கேட்டார். மருமகன் கடைசியில் "காலி"க்கு வந்து சேர்ந்தார்.

மாமனார் யோசித்தார். "பஸ்ல காலின்னா இடம் இருக்குது, ஏறுன்னு அர்த்தம். நீ ஏறினது தப்பில்ல."

மருமகன் முகத்தில் உயிர் வந்தது. விவசாயி தரையைப் பார்த்தார். புரட்டல் தொடர்ந்தது. தாலிப் படம் வந்தது. மாமனார் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

மாமியார்தான் பேசினார். "முப்பத்தஞ்சு வருசமா எனக்குத் தெரிஞ்சது, இன்னிக்கித்தான் கேமராவுக்குத் தெரிஞ்சிருக்குது."

டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன்.

"ஸ்டுடியோக்காரன இட்டுக்கினு வந்து இன்னொரு தபா மாலை போட்டு எடுத்துக்கலாமா?" என்றார் மாமனார், மனைவியிடம்.

"ரெண்டு வாட்டி கட்டிக்கினேன். போதும்."

அந்த யோசனை அங்கேயே முடிந்தது. மாமனார் படங்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். இந்த முறை மெதுவாக. பிறகு கேட்டார்: "இந்த பொம்மைங்கள எட்த்தது யாரு?"

விவசாயி பாதி எழுந்தார். "நான்தாங்க. தெரியாம நடந்துபோச்சு. உங்க மூஞ்சிக்குன்னு வைக்கல."

"அத்த வுடு. மாப்ள எட்த்ததுல என் மூஞ்சி கலங்கிக்கினு இருக்குது. மீசை எது, நிழல் எதுன்னு தெரில. இந்த பொம்மைய பாரு, பல்லு எண்ணலாம். நாக்குல பெயிண்டு வெடிச்சிருக்கறதுகூடத் தெரியுது." நிறுத்தி, சொன்னார்: "அடுத்த மாசம் பேத்திக்குக் காது குத்தறோம். நீ வந்து எடு நைனா."

பேத்தி என்றால் ஸ்ரீசிட்டிக்காரரின் மகள்.

"மாமா, நான் இருக்கறனே" என்றார் அவர்.

"நீ அப்பன் மாப்ள. அப்பன் படத்துல இருக்கணும். எங்கூட்டு விசேசம் எதுலயாவது நீ இருக்கியா? ஏழு வருசமா உன் மூஞ்சிய ஒரு பொட்டிக்குப் பின்னாலதான் பார்த்துக்கினு இருக்கோம்."

அது உண்மை. மாமனார் அதைத் திட்டாகச் சொன்னாரா, ஆசையாகச் சொன்னாரா என்று திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் விவாதித்தோம். முடிவுக்கு வரவில்லை. விவசாயி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மனிதர்களை எடுத்துத் தனக்குப் பழக்கமில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டு வந்தார். "பொம்மைங்க ஆடாது சார்" என்றார்.

காதுகுத்துப் படங்கள் போன ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வந்தன. குழந்தை அழுகிறது, தாய்மாமன் சிரிக்கிறான், மாமனார் விறைப்பாக நிற்கிறார். எல்லாமே கூர்மையாக வந்திருந்தன. ஸ்ரீசிட்டிக்காரர் எல்லாப் படத்திலும் இருக்கிறார். எல்லாப் படத்திலும் கேமராவைத்தான் பார்க்கிறார். எல்லாப் படத்திலும் வாய் திறந்திருக்கிறது.

"இன்னா சொல்லிக்கினு இருக்கே நீ?" என்றார் விவசாயி.

"வெளிச்சத்துக்கு லென்ஸ எட்டுல வைங்கண்ணான்னு சொன்னேன். பதினொண்ணுல வச்சிருந்தீங்க."

மாமியார் அந்தப் படங்களில் ஒன்றைச் சட்டம் போட்டு, வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாராம். மருமகன் ஏதோ பாடுகிற மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்களிடம் சொல்கிறாராம். விதிப்படி நான் ஒரு குறை சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றேன்.