கண்டிப் பயணத்துக்கு ஒரு கையெழுத்து

எதிர் ஃபிளாட்டுப் பெண் நேற்று தன் விசா போட்டோவைக் கொண்டுவந்து காட்டி, "ஆன்ட்டி, பேய் மாதிரி இருக்கேன்ல?" என்றாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். லீவுக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறார்கள். எதை முதலில் பார்ப்பது என்று அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் பத்து நாளாக நடக்கும் சண்டை சுவர் தாண்டி எனக்கும் கேட்கிறது. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். கொஞ்சம் அப்படித்தான் இருந்தாள். பாஸ்போர்ட் போட்டோவில் யார்தான் மனுஷராக விழுகிறோம்?

நானும் விழவில்லை. அறுபதுகளின் தொடக்கம், எனக்குப் பதினாலு வயது. பண்ருட்டி ஸ்டுடியோவில் மாடிப்படியும் மயிலும் வரைந்த திரை ஒன்று உண்டு. அதன் முன்னால் எப்படி நிற்பது என்று ஒரு வாரம் கண்ணாடி பார்த்துப் பழகியிருந்தேன். போட்டோக்காரர் பாஸ்போர்ட்டுக்கு ஆகாதென்று அதைச் சுருட்டிவிட்டு ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டார். படம் கழுவும் மருந்து நெடியடித்த அந்த அறையில் நான் அழுதேன். அழுத கண்ணோடேதான் படம் வந்தது.

நாங்கள் போகவிருந்தது இலங்கைக்கு. அப்பாவின் அக்கா இருபது வருஷத்துக்கு முன் கணவரோடு அங்கே தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், திரும்பவே இல்லை. எங்கள் பக்கத்தில் அதைக் 'கண்டிக்குப் போவது' என்பார்கள். நிலமில்லாதவர்கள் பிழைப்புத் தேடிப் போன இடம். அப்பாவும் முத்தாண்டிக்குப்பம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டி வளர்ந்தவர்தான். நெய்வேலியில் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தபோது கான்ட்ராக்டில் மண் சுமக்கப் போனார். பிறகு அங்கிருந்த ராட்சச இயந்திரங்களைக் கழற்றி மாட்டக் கற்று, ஃபிட்டராகி, பர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்த வாரமே, அக்காவைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார்.

அம்மாவுக்குத் தயக்கம். "கண்டிக்குப் போறம்னா கூலிக்குப் போறாங்கன்னுதான ஊரு பேசும்?"

"பேசிக்கினு போவட்டும். நான் எங்க அக்கா வூட்டுக்கு விருந்தாளியா போறேன். புள்ளைங்களுக்கும் கப்பல காட்டுன மாதிரி ஆச்சி."

அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் தினமும் திட்டம் போடுவோம். பதினாறு வயது அண்ணன் பள்ளிக்கூட அட்லசை விரித்து வைத்துக்கொண்டு, கொழும்புத் துறைமுகத்துக்கு இரண்டு நாள் வேண்டும் என்பான். எனக்கு வேண்டியது ஒரு ஸ்வெட்டர். மலைக்குப் போகிறோமே! அப்பா ஒரே ஒரு பலாப்பழம் கேட்டார்.

"பலாப்பழத்த தூக்கிக்கினு யாராவது கப்பல் ஏறுவாங்களா?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"எங்க அக்காவுக்குப் புடிக்கும்டா" என்றார் அப்பா.

இதற்கிடையில் நான் பள்ளிக்கூடத்தில் ஒரு காரியம் செய்திருந்தேன். டவுன்ஷிப் பள்ளியில் எல்லா ஜில்லாப் பிள்ளைகளும் உண்டு. வசந்தா என்று ஓர் ஆபீசர் மகள் எப்போது பார்த்தாலும் ஊட்டி, பெங்களூர் என்பாள். அவளிடம், எங்கள் அத்தைக்குச் சொந்தத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அத்தோடு நிறுத்தினேனா? குதிரையில் போய்த்தான் சுற்றிப் பார்ப்பார் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பாஸ்போர்ட் ஃபாரத்தில் எங்களைத் தெரிந்த ஓர் ஆபீசர் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார். பங்களா கேட்டில் பெயர்ப் பலகையைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அது வசந்தா வீடு. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஃபாரத்தை யாரோ அப்பாவுக்காக டைப் அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஆபீசர் படித்துவிட்டுக் கேட்டார்: "தொழில், கூலின்னு போட்டிருக்கு. எந்தத் தோட்டத்துக்கு வேலைக்குப் போறீங்க?"

கதவுத் திரைக்குப் பின்னால் வசந்தாவின் பாவாடை தெரிந்தது.

"வேலைக்கு இல்லீங்க. எங்க அக்கா அங்க தேயில கிள்ளுறாங்க. பாத்து இருவது வருஷமாச்சி. பொண்டாட்டி புள்ளைங்களோட போயி பாத்துட்டு வரலாம்னு." அப்பா ஃபாரத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் இப்ப கூலி இல்லீங்க. ஒரு காலத்துல கூலிதான், இல்லேன்னு சொல்லல. இப்ப ஃபிட்டரு. பர்மனென்ட். அத மாத்துனப்பறம் கையெழுத்து போடுங்க."

கையெழுத்துக் கேட்டுப் போன இடத்தில் இப்படியா பேசுவது? ஆபீசர் பேனாவைத் திறந்து அந்த வார்த்தையை அடித்து, பக்கத்தில் 'ஃபிட்டர்' என்று தன் கையால் எழுதினார். "உக்காருங்க" என்றார். அதுவரை எந்த ஆபீசர் முன்னாலும் உட்கார்ந்திராத அப்பா, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தார்.

மறுநாள் வசந்தா வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். "எங்க அத்தை தேயிலை கிள்றவங்க. தோட்டம் அவங்களுது இல்ல."

"குதிரை?"

"அதுவும் இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். நானும்.

மே மாதம் போனோம். பலாப்பழத்தைத் தனுஷ்கோடிச் சுங்கத்தில் விடவில்லை. அப்பா அங்கேயே அறுத்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் சுளை கொடுத்தார். அண்ணன் யாரோ போலத் தள்ளி நின்றுகொண்டான். கப்பலில் வாந்தியெடுத்த வாளியைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. அத்தைக்கு முதலில் அப்பாவை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அழவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு தொழிலாளர் லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒவ்வொரு வாசலாக நிறுத்தி, "எந்தம்பி. சும்மா என்னப் பாக்க வந்துகிறான்" என்று சொல்லிக்கொண்டே போனார். பின்னாலேயே நடந்த எனக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது.

சில வருஷங்களில் ஒரு புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. எங்கள் ரயில் நின்ற இடம், கப்பல் ஏறிய துறை, எதுவும் மிஞ்சவில்லை. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, இலங்கையில் போர் வந்ததும் அதுவும் நின்றது. அப்பா அத்தையை மறுபடி பார்க்கவே இல்லை. விழுப்புரத்தில் ஏறி, ரயிலும் கப்பலும் மறுபடி ரயிலுமாக, ஒரு ஃபிட்டர் தன் சம்பளத்தில் அக்காவைப் போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு வழி இருந்தது. அதன் தண்டவாளம் இப்போது மணலுக்கடியில் கிடக்கிறது.