முழங்கை உயரம்

தமிழ்வாணி வரைந்த சமையலறைகளில் மதுரையைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் சமைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. ஆரப்பாளையத்தில் நல்லகாமன் நடத்தும் மாடுலர் கிச்சன் பட்டறையின் மாடியில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் அவள். வீடுவீடாகப் போய் அளவெடுக்கும் மருது எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். அவள் வரைந்து கொடுத்தது கீழே போய்ப் பலகைகளாக அறுபடும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக வரைய வேண்டியதில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உருவாக்கிய அடிப்படை வரைபடம் ஒன்று இருந்தது. பட்டறையில் எல்லோருக்கும் அது ‘பேஸ்’. சுவர் நீளம், மேடை உயரம், ஜன்னல் இருக்கும் இடம் என்று நாலைந்து எண்களைக் கொடுத்தால் போதும். அலமாரிகள் தாமே விரியும், சுருங்கும். டிராயர்கள் இடத்துக்குத் தக்கபடி பிரிந்துகொள்ளும். சின்ன வாடகை வீட்டுக்கும் பெரிய பங்களாவுக்கும் அதே பேஸ்தான்.

வேலை முடிந்ததும் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு சிம்மக்கல்லில் இருக்கும் தன் அறைக்குப் போவாள். அம்மா இறந்தபின் ஊர் வீட்டைப் பூட்டியாகிவிட்டது. தம்பி விக்ரம் குடும்பத்தோடு திருப்பூரில் இருந்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் வரும். மெஸ்காரரிடம் “பார்சல் வேணாம்ணே” என்று சொன்னதே அன்றைய கடைசிப் பேச்சாகிப்போன நாட்கள் நிறைய உண்டு.

ஒருநாள் வாடிப்பட்டியிலிருந்து வந்த அளவில் மேடை உயரம் இருபத்திரண்டு அங்குலம் என்றிருந்தது. அவள் அந்த எண்ணைக் கொடுத்ததும் திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள். டிராயர்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன, சிங்க் தரையைத் தொட்டது. மருது முப்பத்திரண்டைத் தவறாக அடித்திருப்பான் என்று நினைத்தாள். அன்றைக்கு அவன் போன் எடுக்காததால் வீட்டுக்காரருக்கே போன் செய்தாள்.

“மேடை உயரம் தப்பா வந்திருச்சு போல. சரியா எம்புட்டுன்னு சொல்றீங்களா?”

எதிர்முனையில் ஒரு பெண் சிரித்தாள். “தப்பில்லம்மா, இருபத்திரெண்டுதேன். நானே மூணரை அடி ஆளு. எனக்கு அம்புட்டுப் போதும்.”

“நான் நேர்ல வாரேன்க்கா” என்று தமிழ்வாணியின் வாய் சொல்லிவிட்டது.

அந்தப் பெண்ணின் பெயர் சுபலட்சுமி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பத்திரம் எழுதும் ஆபீஸில் டைப்பிங் வேலை. வீட்டில் இப்போது அவள் மட்டும்தான். முழங்கைக்குக் கீழே ஒரு தீக்காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

“அம்மா இருந்த வரைக்கும் என்னைய அடுப்பங்கரைக்குள்ள விட்டதே இல்ல” என்றாள். “இப்ப ஸ்டூல் மேல ஏறி நிக்கிறேன். அன்னைக்கு ஸ்டூலு சாஞ்சிருச்சு, கொழம்புச் சட்டி மேல வந்திருச்சு. அக்கா வீட்டுல வந்து இருன்றாக. நான் ஏன் போகணும்? இது என் வீடு.”

தமிழ்வாணி டேப்பை எடுத்தாள். சுவரை அளந்தபின், கையை மடக்கச் சொல்லித் தரையிலிருந்து முழங்கை வரை அளந்தாள். கையை உயர்த்தச் சொல்லி விரல் எட்டும் இடத்தையும் அளந்தாள். இன்னொரு ஆளை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

நல்லகாமனுக்கு விஷயம் பிடிக்கவில்லை. “ஒரு வீட்டுக்காகப் பேஸைக் கலைக்காத தமிழு. தனியா ஒரு படம் வரைஞ்சு தள்ளிவிட்டுரு.”

“இந்தப் பேஸ் எல்லாரையும் ஒரே உயரம்னு நெனச்சிருக்குண்ணே. நான்தான் அப்படிப் போட்டேன். மாத்திர்றேன்.”

மாற்றுவது சுலபமாக இல்லை. முழங்கை உயரத்தை முதல் எண்ணாக வைத்தாள். மேடை, டிராயர், சிங்க்கின் ஆழம், மேல் அலமாரி எல்லாம் அதிலிருந்தும் கை எட்டும் அளவிலிருந்தும் கணக்காகி வரும்படி கட்டினாள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடைந்தது. இரண்டு வாரம் மற்ற வேலைகளுக்கு நடுவே அதோடு மல்லுக்கட்டினாள். ஒருவழியாகச் சிவப்புக் கோடுகள் மறைந்ததும் சோதித்துப் பார்க்க வெவ்வேறு ஆட்களின் அளவைக் கொடுத்தாள். நெட்டையான ஆள், சக்கர நாற்காலியில் இருக்கும் ஆள். பிறகு தன் முழங்கையையே அளந்து கொடுத்தாள். அடுத்து சுவர் நீளம் கொடுக்க வேண்டும். சமையலறையே இல்லாத அவளிடம் கொடுக்க எண் இல்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு அணைத்தாள்.

வாடிப்பட்டியில் பொருத்தும் அன்று மருதுவோடு அவளும் போனாள். வேலை முடிந்ததும் சுபலட்சுமி மேடையில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி அசையாமல் நின்றாள். பிறகு ஒரு வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். தமிழ்வாணி உதவப் போனாள். மேடை அவள் தொடைக்குத்தான் வந்தது.

“நீ எதுக்குக் குனியிற? உக்காரும்மா” என்று சுபலட்சுமி நாற்காலியைக் காட்டினாள். மூன்று பேரும் தோசை சாப்பிட்டார்கள். “ஏதும் கொறன்னா கூப்பிடுங்கக்கா” என்று சொல்லிவிட்டு தமிழ்வாணி கிளம்பினாள்.

ஒரு குறையும் இருந்திருக்காது போல. போனே வரவில்லை. புதிய பேஸைக் கேட்டு வேறு ஆட்கள் வந்தார்கள். நல்லகாமன் அதைத் தன் யோசனை என்றே சொல்லிக்கொண்டார். மாதங்கள் போயின. பெயர் பதியாத எண் ஒன்று போனில் தெரியும்போதெல்லாம் வாடிப்பட்டியோ என்று எடுப்பாள். மெஸ்காரரோ வேறு யாரோ பேசுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அறையின் சுவரை அளந்தாள். கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாலடிதான் கிடைத்தது. பேஸ் அதற்குள் ஒரு மேடையையும் இரண்டு டிராயரையும் அடக்கிக் காட்டியது. மருது மிச்சப் பலகையில் செய்து பொருத்திவிட்டு, “அளவு கச்சிதமா இருக்கு தமிழ்க்கா. சமைங்க, ஒருநாள் வாரேன்” என்று போனான்.

அரிசியைக் கழுவப் போனவளுக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவதென்று தெரியவில்லை. அம்மா நாலு பேருக்குப் போட்டதைத்தான் பார்த்திருக்கிறாள். யோசித்து, வாடிப்பட்டி எண்ணை அழுத்தினாள்.

“யாரு, வாணியா? என்னம்மா, டிராயர்ல ஏதும் மாத்தணுமா?”

“இல்லக்கா. ஒத்த ஆளுக்கு எம்புட்டு அரிசி போடுறது?”

“அரை டம்ளர் போடு. நானும் மொத மாசம் பூரா கூடத்தேன் ஆக்கிட்டேன். மிஞ்சுனா தண்ணி ஊத்தி வச்சிரு.” பின்னால் குழந்தைகள் கத்தும் சத்தம் கேட்டது. “அக்கா பேரப்புள்ளைக வந்திருக்குக. அப்பறமாப் பேசவா?”

“சரிக்கா.”

குக்கர் விசில் அடங்கும் வரை அவள் மேடையில் முழங்கையை ஊன்றி நின்றாள். பிறகு சோற்றைத் தட்டில் போட்டு, சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டாள். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது.