எல்லாருக்கும் ஒரே பெயர்

அறிவியல் டீச்சருக்குப் பயம் கூடப் பிறந்தது. லிஃப்டில் ஏற மாட்டாள். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். "உன் நிழலையாவது நம்பேன்" என்பார் கணவர். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'ஐயையோ டீச்சர்'. அது அவள் காதுக்கும் வந்தது. பொருத்தமான பெயர்தான் என்று விட்டுவிட்டாள்.

இவளிடம் போய், இனி பாடக் குறிப்பைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆன்லைனில் எழுதுங்கள் என்றார் தலைமை ஆசிரியர். ஒரே பக்கத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதலாம், திருத்தலாம். எழுதுகிறவர் பெயர் எழுத்தின் பக்கத்திலேயே தெரியும். பிள்ளைகள் ஆளுக்கொரு பாஸ்வேர்டை மறந்துவிட்டுத் திருதிருவென்று முழிப்பார்களே என்று பயந்து, கம்ப்யூட்டர் அறையின் எல்லா மெஷினிலும் டீச்சர் தன் பெயரிலேயே திறந்து வைத்தாள்.

"யார் எழுதினதுன்னு அப்புறம் கடவுளுக்குத்தான் வெளிச்சம் மேடம்" என்றார் கம்ப்யூட்டர் சார்.

ஆனால் அதுவே நல்லதாகப் போயிற்று. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்த பிள்ளைகள்கூட மளமளவென்று எழுதினார்கள். தப்பாக எழுதினாலும் யார் என்று தெரியாதே.

அன்று கடைசிப் பீரியட். பாடம் சுவாசம். 'மூச்சு எப்போதெல்லாம் வேகமாகும்?' என்று டீச்சர் கேட்டிருந்தாள். பதில்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஓடும்போது. மாடி ஏறும்போது. ஐயையோ டீச்சர் கேள்வி கேட்கும்போது. படித்துவிட்டு அவளே சிரித்தாள். அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது.

'அப்பா வண்டிச் சத்தம் கேட்கும்போது.'

அப்புறம், 'இன்னைக்கு வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு.'

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிந்தன. டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாத் தலையும் குனிந்தே இருந்தது.

பக்கத்து அறையில் இருந்த கம்ப்யூட்டர் சாரிடம் ஓடினாள். "சார், அழிச்சதைத் திரும்ப எடுக்கலாமாமே? எழுதினது யாருன்னு காட்டுமா?"

"காட்டும் மேடம். உங்க பேரைக் காட்டும்." அவர் தன் மெஷினில் அந்த வரியைத் தேடி எடுத்துப் படித்தார். அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மேடம்... வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

டீச்சர் வகுப்புக்குத் திரும்பி ஓடினாள். எழுதியது யார் என்று எல்லார் முன்னாலும் கேட்டால் அந்தப் பிள்ளை வாயே திறக்காது. தலைமை ஆசிரியரிடம் சொன்னால் அப்பாக்களை எல்லாம் கூப்பிட்டு விசாரிப்பார். அடி அந்தப் பிள்ளைமேல்தான் விழும். சும்மா இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் மணி அடித்துவிடும். லிஃப்டுக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமா என்று இருந்தது அவளுக்கு.

பக்கத்தின் அடியில் தட்டினாள்: 'முடிக்காதவர்கள் மணி அடித்த பிறகும் இருக்கலாம். எவ்வளவு நேரமானாலும் நானும் இருப்பேன்.' எல்லாரும் எழுதி முடித்தாயிற்று என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வரிக்குப் பக்கத்திலும் அவள் பெயர்தான். எவனோ விளையாடுகிறான் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டால்? எழுந்து நின்று வாயாலும் சொன்னாள். குரல் நடுங்கியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மணி அடித்தது. நாற்காலிகள் இழுபட்டன, பைகள் இடித்துக்கொண்டன, வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. டீச்சர் தலையைத் தூக்கவில்லை. யாருமே மிஞ்சாவிட்டால், அந்தப் பிள்ளை கூட்டத்தோடு கூட்டமாக அந்த வீட்டுக்கே போய்விட்டது என்று அர்த்தம். அதைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

சத்தம் அடங்கியதும் நிமிர்ந்தாள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் முதலில் எழுதி முடிக்கும் முன்வரிசைப் பெண், டீச்சருக்குப் பட்டப்பெயர் வைத்த வாயாடி, ஜன்னலோரம் ஒரு பொடியன். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. விரல்கள் கீபோர்டின்மேல் இருந்தன, எதையும் தட்டவில்லை.

ஒரு பிள்ளைக்கு வேண்டிய தைரியத்தைத்தான் அவள் எப்படியோ திரட்டி வைத்திருந்தாள். மூன்று பேருக்கு எங்கே போவாள்?

கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர்கள் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.