கல்யாணி நடந்து பார்த்த நிலம்

கல்யாணி போய்விட்டார் என்ற செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். எங்கள் புதிய வீடியோ கேமின் வரைபடம் முந்தையதைவிட மூன்று மடங்கு பெரிதாகிவிட்டது என்று முதலாளி பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். செய்தியைப் பார்த்ததும் அஞ்சலியாக எங்களை ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றோம். உட்கார்ந்ததும் வரைபடம் மறுபடி திரைக்கு வந்தது. வேலையை விட்டே போய்விட நினைத்தேன், முடியவில்லை. பட்டமும் இல்லை, அமீர்பேட் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்கள் தரும் சான்றிதழும் இல்லை. எல்லாம் நானாகக் கற்றது. அறுபதைத் தாண்டிய என்னை இந்த நகரத்தில் வேறு எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது.

அவர் நினைவுக்காகக் கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த கல்யாணி. என்ன வேலை செய்தார் என்று கேட்டால் ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்பீர்கள். அதனால் சொல்கிறேன். சில கேம்களில் ஒரு பெரிய நிலத்தையே திறந்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் போ என்பார்கள். அந்த நிலத்தையும் அதிலுள்ள ஊர்களையும் கட்டுவது என் வேலை. வெளியிடும்முன் ஆடிப்பார்த்துக் குறை சொல்வது கல்யாணியின் வேலை.

மற்றவர்கள் கேமில் கிடைக்கும் மோட்டார் சைக்கிளில் ஏறிப் பறப்பார்கள். கல்யாணி நடப்பார். "வண்டியில போனா எல்லா இடமும் அழகாத்தான் சார் இருக்கும்" என்பார். நடந்து முடித்ததும் திரையை அணைத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரருக்கு வாயாலேயே வழி சொல்வார். பஸ் ஸ்டாண்டில் இறங்கு, சோடாக் கடையை ஒட்டித் திரும்பு என்று போகும். எங்கே அவருக்கு வழி சொல்ல வரவில்லையோ அங்கே குறை என்று எழுதிவிடுவார்.

நான் கட்டிய முதல் ஊரில் கோவில் வரை வழி சொல்லிவந்து நின்றுவிட்டார். "இதுக்கு அப்புறம் என்ன இருந்ததுன்னு ஞாபகமே இல்ல சார். அப்போ அங்க ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?" அங்கே ஒரு வேப்பமரம் இருந்தது. இலை இலையாகச் செய்த மரம். அவருக்கு ஞாபகமில்லாததற்கு மரம் பொறுப்பில்லை என்று அன்று சொன்னேன், இன்றும் அதையே சொல்கிறேன். மரத்தை நான் எடுக்கவில்லை. அதன் அடியில் பஞ்சர் ஒட்டுகிற ஒருவரை உட்காரவைத்தேன். வருகிறவனைப் பார்த்து "நேத்து வந்த ஆளுதானே நீ?" என்று கேட்பார். இரண்டாம் முறை நடந்தபோது கல்யாணி அந்த இடத்தில் நிற்கவே இல்லை. "பஞ்சர்காரரைத் தாண்டி இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பிறகு விளம்பரத்துக்குப் பெரிய நிலம் வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். புதிதாகக் கட்ட அவகாசம் தரவில்லை. என் ஊரையே நகலெடுத்து நிலமெங்கும் ஒட்டினார்கள். இடையில் புல்வெளி. என்னிடம் கேட்கவில்லை. நான் செய்வதெல்லாம் கம்பெனியுடையது என்று சேர்ந்த அன்றே எழுதி வாங்கியிருந்தார்கள். கல்யாணி புல்வெளியில் வெகுதூரம் நடந்து அடுத்த ஊருக்குப் போனார். அதே வேப்பமரம், அதே பஞ்சர்காரர். முதன்முறை வருகிறவளிடம் நேற்று வந்தாயே என்றார். கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டதாக நினைத்து கல்யாணி திரும்பி நடந்தார். அந்தப் பக்க ஊரிலும் பஞ்சர்காரரே உட்கார்ந்திருந்தார். "எங்க போனாலும் இந்தாளு எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கார் சார். தப்பிக்கவே முடியல" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த நிலம் முழுவதற்கும் குறை எழுதினார். முதலாளி அதைத் திரையில் போட்டு, "பக் எக்கட, ஆன்ட்டி?" என்று எல்லோர் முன்னும் கேட்டார். எங்கே பிழை, காட்டுங்கள் என்று. "அங்கே ஒன்றுமே இல்லை. அதுதான் பிழை" என்று கல்யாணியும் தெலுங்கிலேயே சொன்னார். அறை முழுக்கச் சிரித்தது. ஆனாலும் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட அவர் மறுத்துவிட்டார். வெளியீடு தள்ளிப்போனது. அதற்குள் அவருடைய இதயம் பழுதானது.

கடைசியாக அவர் வீட்டுக்குப் போனபோது மாடியிலிருந்து இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பால்கனியே எல்லை. போவன்பள்ளி சந்தையிலிருந்து வந்த காய்கறி வண்டிக்காரரோடு மேலிருந்தபடியே சண்டை நடந்தது. "நக்கோ பாபா, வேணாம், நேத்து குடுத்த கத்திரிக்காய் பூரா புழு." வண்டிக்காரர் கீழிருந்து, புழுவுக்குத் தனியாகக் காசு வாங்கவில்லையே அம்மா என்றார். கல்யாணி என் பக்கம் திரும்பினார். "அடைச்சுதான் போட்டிருக்காங்க. ஆனா இங்க சலிக்கல சார். அவ்ளோ பெரிய நிலத்துல நடந்தப்பதான் மூச்சு முட்டுச்சு."

அவர் போன பின், முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஆன்ட்டி இல்லை, நீங்களே பார்த்து ஓகே சொல்லிவிடுங்கள் என்றார். நடந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மாதக்கணக்கில் ஆகும், வண்டியில் போங்கள் என்றார். நடந்துதான் பார்ப்பேன் என்றேன். என் இடத்தில் இன்னொருவரை வைத்தால் அந்த ஊரின் உள்வேலை அவருக்குப் பிடிபடாது. அது முதலாளிக்குத் தெரியும். நான் அவரிடம் மாட்டிக்கொண்டிருப்பதைப் போல அவரும் என்னிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

கல்யாணியோடு பழகியவர்கள் அவருடைய பிடிவாதத்தைச் சொல்வீர்கள். அது எனக்கு வேண்டாம், என்னிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. தன் கால் படாத இடத்தை நன்றாக இருக்கிறது என்று எழுத அவர் கை ஒருநாளும் போனதில்லை. அதைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் வந்து, விட்ட இடத்திலிருந்து நடக்கிறேன். திரையில் புல்வெளி நீண்டுகொண்டே போகிறது. எதிரே இன்னும் ஓர் ஆள்கூட வரவில்லை.